எங்களுக்குப் பிடிச்ச பியர்களும் ஒரு பிளா கள்ளும்

முதலே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். இதை எழுதுகிற நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் இருபத்தொரு வயது தாண்டி நாளாகிவிட்டது. ஒருத்தன் இப்ப ரொறன்ரோவில், மற்ற மூன்று பேரும் யாழ்ப்பாணத்தில். மூன்று பேரில் ஒருத்தி பெண். இன்னொருத்தன் குடிக்கவே மாட்டான். அவன்ர அப்பா குடிச்ச குடியைச் சின்ன வயசில பார்த்ததே போதும் என்பான். ஆனால் பியர் எப்படி உருவாகிறது என்பது எங்களுக்குள் அதிகம் தெரிந்தவன் அவன்தான். இரசாயனவியல் படிப்பிக்கிறான். நாலாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம். இந்தக் கட்டுரை இப்படித் திரும்பினதே அவனால்தான்.

எழுத நினைத்தது வேறை. எங்களுக்குப் பிடிச்ச ஐந்து பியர்கள் என்று ஒரு பட்டியல் போடுவம், கீழே நாலு வரி எழுதுவம், முடிஞ்சுது என்றுதான் தொடங்கினோம். பட்டியல் இரண்டாவது பியரோடயே நின்றுவிட்டது.

முதலாவதில் சண்டையே வரவில்லை. லயன் ஸ்டவுட். கறுப்பு, நுரை கூட மண்ணிறம், எரிச்ச கோப்பியும் கசப்புச் சொக்லேற்றும் கலந்த மாதிரி ஒரு ருசி, 8.8 வீத அற்ககோல். இதை ஐஸ் போல குளிர வைத்து மடமடவென்று குடிக்கிற ஆக்களைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வரும். குளிர் கூடினால் நாக்கு மரத்துப்போய் ருசி ஒன்றும் பிடிபடாது. ஃபிரிட்ஜால் எடுத்துக் கால் மணித்தியாலம் மேசையில் வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கோ, அது வேற ஒரு சாமான்.

எங்கட நாட்டில் பியர் தொடங்கின கதையும் ஒரு மாதிரியான கதைதான். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்காவுக்குப் போன அதே ஆள், அதற்கு முதல் நுவரெலியாவில் வந்து குடியேறியிருந்தார். 1849இல் அங்கே சின்ன அளவில் பியர் வடித்தார் என்பதுதான் லயன் நிறுவனம் சொல்லிக்கொள்கிற தொடக்கம். குளிரும் மலைத்தண்ணியும் இருந்தபடியால் நுவரெலியா. இப்ப வடிக்கிறது பியகமவில். ஆங்கிலேயக் குடியானவர்களும் தோட்டத்துரைமாரும் ஊர் ஞாபகத்தில் குடிக்கத் தொடங்கின ஒன்று, நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆக்கள் தேடிக் குடிக்கிற ஸ்டவுட்டாக நிற்கிறது. அப்படித் தேட வைத்தவர்களில் முக்கியமானவர் மைக்கல் ஜாக்சன். பாட்டுக்காரர் இல்லை. 1977இல் உலகத்து பியர்களைப் பற்றி ஒரு பெரிய வழிகாட்டி எழுதின ஆங்கிலேய எழுத்தாளர். 2007இல் இறந்துபோனார். ஏற்றுமதியான போத்தல்களில் அவரின் படமே பின் லேபலில் இருந்தது. ரொறன்ரோக்காரன் அங்கே ஒரு கடையில் இந்தப் போத்தலைக் கண்டுவிட்டு எங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினான். "மச்சான், எங்கட சாமானை இவங்கள் கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறாங்கள்" என்று எழுதியிருந்தான்.

இரண்டாவது பியர் அவன் போன வருஷம் ஊருக்கு வரும்போது சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஜேர்மன் கோதுமை பியர். கலங்கல். திறந்தவுடன் கதலி வாழைப்பழ வாசம். நாங்கள் ஏதோ எசன்ஸ் விட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தோம். இல்லையாம். குடிக்காதவன் மூக்கை மட்டும் கிட்ட கொண்டுபோய் மணந்துவிட்டு விளங்கப்படுத்தினான். அந்த வாசத்தைச் செய்வது பழம் இல்லை, மதுவம். பள்ளிக்கூடத்தில் படிச்சோமே, குளுக்கோசு எதனோலும் காபனீரொட்சைட்டுமாக மாறும் என்று, அந்த மதுவம்தான். சீனியைத் தின்னும்போது அது அற்ககோலை மட்டும் விடுவதில்லை, இன்னும் நூறு விதமான பொருட்களைச் சேர்த்து விடும். அதில் ஒன்று வாழைப்பழத்தில் இருக்கிற அதே வாசப்பொருள். பரீட்சைக்கு ஒரு சமன்பாடாகப் பாடமாக்கின விஷயம் போத்தலுக்குள்ளால் மணந்தபோது எங்களுக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் "நாங்களே வடிச்சுப் பார்த்தால் என்ன" என்ற பைத்தியம் பிடித்தது.

ரொறன்ரோக்காரன் தன்ர வீட்டு நிலவறையில் வடிக்கிறவன். அங்கே தன் பாவனைக்கு வடிக்கச் சட்டம் விடும். அமெரிக்காவிலும் 1978இல் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் கையெழுத்து வைத்த பிறகுதான் நாடளாவிய சட்டத்தில் அது அனுமதியானது. அதற்கு முதல் களவாக வடிச்ச பொடியள்தான் பிறகு சின்னச் சின்ன வடிசாலைகளைத் தொடங்கி, இன்றைக்குக் கிராஃப்ற் பியர் என்று சொல்லுகிற பெரிய அலையையே கிளப்பினார்கள். கலிபோர்னியாவில் சியரா நெவாடா என்ற வடிசாலையை 1980இல் தொடங்கின கென் குறொஸ்மன் அப்படி வீட்டில் வடிச்சுப் பழகின ஆள்தான்.

வேலை கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். முளைக்க வைத்துக் காயவைத்த வாற்கோதுமையை உடைத்து, 65 பாகைக்குக் கொஞ்சம் மேலான சுடுதண்ணியில் ஒரு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். மாப்பொருள் சீனியாகும். வடிகட்டி, ஹொப்ஸ் பூ போட்டு இன்னொரு மணித்தியாலம் கொதிக்க வைத்து, கெதியாக ஆறவைத்து, மதுவம் போட்டு மூடினால் இரண்டு கிழமை. இதில் முக்கால்வாசி நேரம் சட்டி பானை கழுவுவதுதான் என்று அவன் குரல் பதிவில் சொல்லுவான். வேண்டாத கிருமி ஒன்று போய்விட்டால் இருபது லீற்றரையும் கானுக்குள் ஊத்த வேண்டியதுதான்.

தண்ணிக் கதைதான் எங்களைக் கவர்ந்தது. செக் நாட்டுப் பில்சன் ஊரில் தண்ணி மென்மை, அதனால் அங்கே வெளிறின லாகர். டப்ளினில் தண்ணி சுண்ணாம்புக் கடினம், அந்தத் தண்ணிக்கு வறுத்த தானியத்தின் புளிப்புத்தான் பொருந்தும், அதனால் கறுப்பு ஸ்டவுட். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். எங்கட கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியுமே, அம்மாமார் புளி போட்டு உரஞ்சுவார்களே, அதுதான். அப்ப எங்கட தண்ணி ஸ்டவுட்டுக்கென்றே ஊறின தண்ணி என்று நாங்கள் முடிவு கட்டினோம். குடிக்காதவன் மட்டும் "கிணத்துக்குள்ள என்ன என்ன கிடக்கெண்டு தெரியாமல் கதைக்காதேங்கோ" என்றான். வெக்கை பெரிய பிரச்சினை. சாதாரண பியர் மதுவத்துக்கு இருபது பாகைதான் சுகம். ஆனால் நோர்வேப் பண்ணை வீடுகளில் பரம்பரையாக வைத்திருக்கிற குவைக் என்ற மதுவம் முப்பத்தைந்து பாகையிலும் சந்தோஷமாக வேலை செய்யுமாம். குளிர் நாட்டில் பிறந்துவிட்டு யாழ்ப்பாணத்து வெயிலுக்குத் தோதாக ஒன்று.

எல்லாம் சரி. சட்டம்? 1912இல் வெள்ளைக்காரர் போட்ட மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நிற்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் வடிக்கக் கூடாது. இதில் எங்கட தோழிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு தடை கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாள்தான். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். அந்தக் கிழமை முழுக்கத் தொலைக்காட்சியில் கலாசாரம் பற்றிப் பேசினவர்களில் முக்காலும் ஆம்பிளைகள். "நான் காசு குடுப்பன், நீங்கள் போய் வாங்குவியள், குடிக்கேக்க மட்டும் நான் கலாசாரத்தைக் கெடுப்பன்" என்றாள் அவள். அவளுக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்பவும் இல்லை.

ஆகவே இஞ்சி. சட்டத்துக்குள் நின்று நொதிக்க வைக்கக்கூடியது இஞ்சி பியர்தான். பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்கிற பழைய பழக்கம். இஞ்சியைத் தோலோடு துருவ வேண்டும். தோலில்தான் காட்டு மதுவம் இருக்கிறது. ஒரு போத்தல் ஆறின தண்ணியில் ஒரு தேக்கரண்டி இஞ்சி, ஒரு தேக்கரண்டி சீனி, ஒவ்வொரு நாளும் அதே அளவு. மூன்றாம் நாள் சின்னச் சின்னக் குமிழி. நாலாம் நாள் காதைக் கிட்ட வைத்தால் சத்தம் கேட்கும், மழைக்கு முதல் கூரையில் விழுகிற தூறல் மாதிரி. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் காது வைத்துக் கேட்டோம். பிறகு இஞ்சியையும் சீனியையும் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தேசிக்காய் புளிந்து, அந்தத் தொடக்கத் தண்ணியை வடித்துக் கலந்து போத்தலில் அடைத்தோம். அற்ககோல் பெயருக்குத்தான். பொங்கிற வாயுதான் விஷயம்.

ரொறன்ரோக்காரன் இரண்டு நாளில் ஃபிரிட்ஜுக்குள் வைக்கச் சொன்னான். தன்ர நிலவறைக் கணக்கில் சொன்னான். இங்கே சித்திரை வெயில். அதோட நாங்கள் பாவித்தது கண்ணாடிப் போத்தல். பிளாஸ்ரிக் என்றால் அமத்திப் பார்த்து இறுகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு குசினிக்குள் முதல் போத்தல் வெடித்தது. அடுத்த நிமிஷம் இன்னும் இரண்டு.

அது தோழியின் வீடு. மற்ற அறையில் அவளின் அம்மம்மா படுத்திருந்தவா. எண்பத்தொரு வயசு, காது மந்தம். எழும்பி இருந்துகொண்டு கேட்டா: "எங்க பிள்ளை விழுந்தது?"

அவள் போய்ப் பக்கத்தில் இருந்து, ஷெல் இல்லை அம்மம்மா, சோடாப் போத்தல் என்று சொல்லி விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. விடிய நாங்கள் போய்க் கண்ணாடி பொறுக்கினோம். ஒரு துண்டு சுவரில் ஏறி நின்றது. பகலில் என்றால் யாருடைய கண்ணுக்குள்ளோ போயிருக்கும். செய்து பார்க்கிறவர்கள் தயவுசெய்து பிளாஸ்ரிக் போத்தல் பாவியுங்கோ, ஒரு நாளைக்கு மேல் வெளியில் வைக்காதேங்கோ.

நாலாவது ஆள் அப்படிக் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வாய் திறந்தான். "இவ்வளவு பாடுபடாமல் என்ர பெரியப்பாட்டப் போயிருக்கலாம். அவர் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்யிறார்."

அவனோடு பத்து வருஷமாகப் பழகுகிறோம். பெரியப்பா கள்ளுச் சீவுகிறவர் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு அவன் சொல்லாதது மட்டும் காரணம் இல்லை. பல்கலைக்கழக நாட்களில் எங்களில் யாரோ ஒருவன், கள்ளைப் பற்றியும் அதைச் சீவுகிற ஆக்களைப் பற்றியும் ஒரு பகிடி விட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்தோமாம். யார் சொன்னது என்று எங்களுக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது. ஆளைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்.

அடுத்த ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் போனோம். பெரியப்பாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். காலில் தளநாரை மாட்டிக்கொண்டு பனையில் ஏறுகிறதைக் கீழே நின்று பார்த்தபோது எங்களுக்கு வயிறு கூசியது. மேலே பாளையின் நுனியைக் கடதாசி மொத்தத்துக்கு மெல்லிசாகச் சீவி, பழைய முட்டியை எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறார். விடியவும் பின்னேரமும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும், அந்த மரம் அந்த முறைக்கு முடிந்தது. காய்ச்சல், கலியாணவீடு, செத்தவீடு ஒன்றும் மரத்துக்குத் தெரியாது என்றார்.

இரண்டு முட்டி இறக்கினார். ஒன்று உள்ளே சுண்ணாம்பு பூசினது. அதில் கருப்பநீர். சுண்ணாம்பு நொதிக்க விடாது, பனங்கட்டிக்குப் போகிறது அதுதான். மற்றது சும்மா முட்டி. அதற்குள் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற நேரமே காட்டு மதுவமும் பக்ரீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். நாங்கள் ஒரு கிழமை சீனி போட்டு வளர்த்ததைப் பனை ஒரு இரவில் செய்து வைத்திருந்தது. குடிக்காதவன் சுண்ணாம்பு முட்டியில் குடித்தான். எங்களுக்கு ஓலையில் கோலின பிளாவில் ஊத்தித் தந்தார். இனிப்பு, அடியில் மெல்லிய புளிப்பு, மூக்கில் பாண் மாவு மணம். பத்து மணிக்குத் திரும்பவும் கொஞ்சம் தந்தார். இனிப்புப் போய்விட்டது, நாக்கில் முள் மாதிரிக் குத்தியது. மத்தியானம் அது வேற ஆள், புளிச்ச, முரட்டு ஆள். ஒரே முட்டி, அரை நாளில் மூன்று குடிவகை.

ரொறன்ரோக்காரன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். பெல்ஜியத்தில் காட்டு மதுவத்தைத் தானாக விழவிட்டு வடிக்கிற லம்பிக் என்ற புளிச்ச பியருக்குத் தான் குடுக்கிற காசைச் சொன்னான். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் எங்கட முகத்தைப் பார்த்தார். "அந்தக் காசுக்கு நான் எத்தினை மரம் ஏற வேணும் எண்டு கணக்குப் பாத்தனான்" என்றார் பிறகு.

எங்களுக்கு அந்த ஓலைப் பிளா நல்லாகப் பிடித்துவிட்டது. குடிச்சுவிட்டு எறியலாம், மண்ணோடு மக்கிப்போகும், பிளாஸ்ரிக் கப் தேவையில்லை என்று தோழி புகழ்ந்தாள். பெரியப்பா சிரிச்சார். "அது ஒரு பக்கம் பிள்ளை. என்ர ஐயா காலத்தில எங்கட கையால வாங்கிக் குடிக்கிற பெரியாக்கள் எங்கட ஏதனத்தில வாய் வைக்கமாட்டினம். ஓலை எண்டால் தீட்டில்லை. அதே வீட்டுக்கு ஐயா பனங்கட்டி கொண்டுபோனால் அவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில. முத்தத்தில நிண்டு குடிக்க வேணும்." சொல்லிவிட்டு முட்டியைக் கழுவப் போய்விட்டார். நாலாவது ஆள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களில் இரண்டு பேரின் வீட்டுப் பெயர் பெரியப்பாவுக்குத் தெரியும். எந்த ஊர், யாருடைய பேரப்பிள்ளைகள் என்று வந்தவுடனேயே கேட்டிருந்தார். அவர் சொன்ன வீடு எது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ஒருவரும், கேட்காதது நல்லது என்று இன்னொருவரும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவர் இறக்குகிற கள்ளு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. சங்கம் வந்தபிறகுதான் தவறணை முதலாளியின் கையைப் பார்க்காமல் மனிதராகச் சம்பளம் வாங்கினோம் என்றார். அமெரிக்காவில் எது கிராஃப்ற் பியர் என்பதற்கு வடிசாலைச் சங்கம் ஒன்று வரைவிலக்கணம் வைத்திருக்கிறது. அளவில் சிறிது, பெரிய மதுபான நிறுவனம் ஒன்றுக்குக் கால் பங்குக்கு மேல் சொந்தமாக இருக்கக் கூடாது. அளவு என்று அவர்கள் சொல்லுகிற எல்லை வருஷத்துக்கு அறுபது லட்சம் பீப்பாய், அது வேற பகிடி. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கட ஊர் மூலையில் தகரக் கூரையோடு நிற்கிற தவறணையும் கிராஃப்ற்தான். அங்கே யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. நாங்களும் எடுத்ததில்லை. தோழி அங்கே போய் இருந்து குடிக்கவும் முடியாது என்பதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டோம்.

திரும்பி வரும்போது உற்சாகத்தில் நிறையக் கதைத்தோம். வடிவான லேபல் அடிக்கலாம், எந்தத் தோப்பு, எத்தனை மணிக்கு இறக்கினது என்று எழுதலாம், கொழும்பில் கொண்டுபோய் விற்கலாம். பெரியப்பாவிடமே இதைச் சொன்னபோது அவர் முழுக்கக் கேட்டார். அவருக்கு இரண்டு மகன்மார். ஒருவர் கட்டாரில், மற்றவர் ஓட்டோ ஓடுகிறார். ரெண்டு பேரையும் மரத்தடிக்குக் கூட வரவிடவில்லையாம். அவரின் தம்பி, அதாவது எங்கட நண்பனின் அப்பா, மரத்தால் விழுந்து இடுப்பு உடைந்து படுத்தவர். அதற்குப் பிறகுதான் இவனைப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் என்று எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள்.

"எல்லாம் நல்ல யோசினைதான் தம்பியவை" என்றார் பெரியப்பா. "ஆர் ஏறுறது?"

அந்தக் கேள்வியோடு எங்கட லேபல் கதை நின்றது. நண்பன் தான் பழகப் போவதாகச் சொல்லிப் பார்த்தான். அவர் அவனை ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது.

இஞ்சி பியர் மட்டும் தொடர்கிறது. இப்ப பிளாஸ்ரிக் போத்தல். சீனிக்குப் பதிலாகப் பெரியப்பா வீட்டுப் பனங்கட்டி போடுகிறோம். நிறம் ஸ்டவுட் மாதிரிக் கறுத்து வருகிறது, அடியில் ஒரு புகை ருசி. போன கிழமை ஒரு போத்தல் கொண்டுபோய்க் குடுத்தோம். திறந்தபோது நுரை பொங்கி அவரின் சாரம் நனைந்தது. ஒரு பிளாவில் ஊத்தி, மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, "சோடா நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய், எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தார். நாலு கண்ணாடிக் கிளாஸ், எல்லாம் ஒரே மாதிரி. நாங்கள் திண்ணையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து குடித்தோம்.